பாசறைத் துயிலின்மையும் பரிவழி மருத்துவமும்

முல்லைப்பாட்டைப் பாடஞ்சொல்லும்போது நாம் பெரும்பாலும் தலைவியின் மாளிகையிலேயே நின்றுவிடுகிறோம்; மாணாக்கரைப் பாசறைக்குள் அழைத்துச் செல்வது குறைவு. அங்கே அரசன் உறக்கமின்றி இருக்கிறான். புண்பட்ட யானைகளையும் மாண்ட மறவரையும் நினைக்கிறான். அம்பு தைத்தமையால் காதைச் சாய்த்துத் தீனியைத் தொடாது நின்ற குதிரைகளையும் நினைக்கிறான். வீரனது மனத்துயரைச் சொல்லவந்த நப்பூதனார் குதிரையின் காதைக் காட்டியது வியப்புக்குரியது. ஏனெனில், இன்று அமெரிக்க நாட்டில் ஓய்வுபெற்ற படைவீரர்க்குச் செய்யும் ஒருவகைச் சிகிச்சை அக்காதிலிருந்தே தொடங்குகிறது.

குதிரை பிற விலங்குக்கு இரையாகும் இனம். ஆதலின் எந்நேரமும் விழிப்பாயிருக்கும். சிறு அசைவுக்கும் வெருளும். போரிலிருந்து மீண்டவனும் அத்தகையனே. அருகே நிற்பவன் உடலை இறுக்கிக்கொண்டால் குதிரை விலகும். அவன் மூச்சுத் தணிந்தால் நெருங்கிவரும். அதன் காதையும் கண்ணையும் கவனிக்கப் பழகும் வீரன் தன் அச்சத்தையும் சினத்தையும் இனங்காணத் தொடங்குகிறான். இங்கே சவாரி இல்லை. தேய்த்துவிடுதல், கயிறு பிடித்து நடத்துதல் போன்றவையே.

கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ‘மேன் ஓ வார்’ என்னும் திட்டத்தில் இதனைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டனர். மனவடுவுற்ற முன்னாள் படைவீரர் 63 பேர் வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரமாக, 8 வாரம் பயின்றனர். ஏறக்குறையப் பாதிப்பேர்க்குத் துயர் நன்கு தணிந்தது. 3 திங்கள் கழித்தும் அப்பயன் நின்றது. எனினும் வேறு சிகிச்சை பெற்ற குழுவொன்றோடு ஒப்பிடவில்லை; எனவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. மருத்துவரை விட்டுக் குதிரையை நாடுவதும் அறிவுடைமை அன்று.

பேராக்கில் குதிரையென்றால் ஈப்போப் பந்தயத்திடலே நம் நினைவுக்கு வரும். இத்தகைய சிகிச்சை நம் தோட்டப்புறத்தார்க்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. ஆயினும் ஆசிரியர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு என்பேன்.

என் பள்ளியில் ஒரு மாணவன் இருந்தான். தந்தை இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். தீபாவளி வெடிச்சத்தம் கேட்டால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். வீட்டில் எவரும் வாய் திறவார். பையனோ வகுப்பில் யாரேனும் தோளைத் தொட்டால் துள்ளி எழுந்து கையை ஓங்குவான். முரடன் என்று நான் முடிவுகட்டிப் பலமுறை தண்டித்தேன். அது என் பிழை.

புறநானூற்றின் 273ஆம் பாட்டில், பிறருடைய குதிரைகளெல்லாம் மீண்டிருக்க, தன் புதல்வனைப் பெற்ற தலைவனின் குதிரை வரக்காணாமல் ஒருத்தி கலங்குகிறாள். எருமை வெளியனார் பாடியது, துறை குதிரைமறம். அதனை நடத்திய நாளில்தான் அப்பையனின் தாயை எண்ணினேன். அவள் கணவர் திரும்பிவிட்டார். ஆனால் முழுதும் திரும்பவில்லை.

மறுநாள் பையனைத் தனியே அழைத்து, “அப்பா ராத்திரியிலே தூங்குறாராப்பா?” என்று கேட்டேன். பள்ளி மணி அடித்த பின்னும் அவன் பேசிக்கொண்டிருந்தான்.