காடி மீன்

ஒரு நாட்டார் பிறநாட்டிற் சென்று குடியேறுங்கால், தம் மொழியையும் சமயத்தையும் மட்டுமன்றித் தம் அடுக்களையையும் உடன்கொண்டு செல்லுதல் இயல்பு. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சாந்தோமில் குடியேறிய போர்த்துக்கீசியரும் இதற்கு விலக்கல்லர். அவர் மயிலையில் எடுப்பித்த லஸ் ஆலயம் இன்றும் நிலவுகின்றது. ‘லஸ்’ என்பது அவர் மொழியில் ஒளியெனப் பொருள்படும். சாவி, மேசை, சன்னல், அலமாரி என அவர் விட்டுச்சென்ற சொற்களை நாம் நாடோறும் வழங்குகின்றோம். அவர்தம் உணவினையோ நம்மிற் பலர் அறியோம். அவற்றுள் ஒன்றாகிய ‘எஸ்கபேஷ்’ என்பதனை நம் இல்லத்தே சமைக்குமாற்றையும் அதன் காரணத்தையும் ஈண்டு விளக்குவாம்.

எஸ்கபேஷ் என்பது பொரித்த மீனைக் காடியில் ஊறவைத்து உண்ணும் உணவாகும். காடி என்றது ‘வினிகர்’ எனப்படுவதனை. இச்சொல் நமக்குப் புதிதன்று. சிலுவையில் நம் ஆண்டவருக்கு அளிக்கப்பட்டதனைத் தமிழ்த் திருமறை காடி என்றே கூறும். புளித்த கஞ்சிக்குத் தமிழர் இட்டிருந்த பெயரையே மொழிபெயர்த்தோர் ஆண்டனர். ‘சிக்பாஜ்’ என்னும் பாரசீகப் புளிப்புணவின் பெயரே அராபியர் வாயிலாகச் சென்று எஸ்கபேஷ் எனத் திரிந்ததென்பர். நாமறிந்த ‘விண்டாலு’வும் இவ்வினத்ததே, திராட்ச மதுவையும் பூண்டையும் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொற்களின் திரிபு அது. 1543இல் போர்த்துக்கீசியர் அடைந்த ஜப்பானிலும் பொரித்த மீனைக் காடியில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு.

இனிச் சமைக்கும் முறை. அரைக் கிலோ வஞ்சிர மீன் துண்டங்களில் 1 தேக்கரண்டி உப்பைத் தடவிக் கால் மணி நேரம் வைக்க. பின் ஈரந் துடைத்து, கோதுமை மாவிற் புரட்டி, எண்ணெயிற் பொன்னிறமாகப் பொரித்துப் பீங்கான் பாத்திரத்திற் பரப்புக. வேறோர் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் 100 மில்லிலிட்டர் ஒலிவ எண்ணெயை மென்தீயிற் காய்ச்சி, வட்டமாக அரிந்த பெரிய வெங்காயம் 2, பூண்டு 8 பல், பிரிஞ்சி இலை 2, மிளகு 10 ஆகியவற்றை வெங்காயம் துவளுமட்டும் வதக்குக. ஒலிவ எண்ணெய் கிட்டாவிடின் நல்லெண்ணெய் போதும். அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூளும் 150 மில்லிலிட்டர் காடியும் சேர்த்து, 5 நிமிடம் கொதித்தபின் மீன்மேல் வார்க்க. ஆறியதும் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் உண்க. இரண்டு மூன்று நாள்களுக்குமேல் வைத்தல் நன்றன்று. செம்பு, பித்தளைக் கலங்களும் ஆகா; காடி அவற்றை அரித்து உணவை நஞ்சாக்கும்.

காடியிலுள்ள அசெட்டிக் அமிலம், உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பலவற்றை வளரவொட்டாது தடுக்கின்றது. குளிர்ப்பெட்டியில்லாக் காலத்தே மக்கள் மீனைக் காடியிலிட்டது இது பற்றியே. எனினும் காடி, கெட்ட மீனை நன்மீனாக்கும் மருந்தன்று. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி முதலியன வெப்பத்திற் கிடப்பின் அவற்றில் ‘ஹிஸ்டமின்’ என்னும் பொருள் மிகும். பொரித்தாலும் காடியிலிட்டாலும் அது நீங்காது. உண்டார்க்கு முகஞ் சிவத்தல், தலைநோய், வாந்தி முதலியன தோன்றும். எம்மூராகிய திருமழிசையோ கடற்கரைக்கு 20 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ளது. காசிமேட்டினின்று வரும் மீன் வழியெல்லாம் பனிக்கட்டியில் இருந்ததா என்று வினவி வாங்குதலே இச்சமையலின் முதற்படி என்க.

இங்ஙனம் நன்மீன் வாய்ப்பின் இவ்வுணவால் வேறொரு நலனும் உண்டு. ஞாயிறுதோறும் ஆலயத்தினின்று மீண்டபின் நாமெல்லாம் உரையாடி இருப்ப, அன்னையர் மட்டும் அடுப்பின்முன் நிற்கின்றனர். காடி மீனோ முதல்நாளே சமைத்தற்குரியது. ஆறவிட்டு உண்டாற்றான் சுவைப்பது. சனிக்கிழமை மாலை பிள்ளைகளும் உடனிருந்து வெங்காயம் அரிந்து கொடுத்துச் சமைத்து வைப்பின், மறுநாள் சோறு வடிப்பதொன்றே எஞ்சும். அன்னையும் எல்லாரோடும் ஒருங்கமர்ந்து உண்ணலாம்.