எம்டன் குண்டும் காலியான பட்டணமும்

போர்க்களம் என்றால் மைசூர்த் தமிழர்களாகிய நமக்கு ஸ்ரீரங்கப்பட்டணம்தான் நினைவுக்கு வரும். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அங்கேதான் அழைத்துப் போகிறோம். ஆனால் சென்னைக்கு அடிக்கடி போய்வரும் நம்மவர்கள், கல்யாணத்தையும் துணிக்கடையையும் முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இரண்டு உலகப்போர்களின் சுவடுகளும் அந்தக் கடற்கரைப் பட்டணத்தில் உள்ளன. காவேரி எக்ஸ்பிரஸில் காலையில் சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் ஒரே பகலில் பார்த்துவிடலாம்.

முதலில் உயர் நீதிமன்றம். அதன் கிழக்கு மதிலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டு விழுந்த இடம் அது. கேப்டன் முல்லரின் குறி, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அவை பற்றி எரிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு, அரைமணிக்குள் கப்பல் இருளில் மறைந்துவிட்டது. இறந்தவர் சிலரே, பயந்ததோ பட்டணம் முழுவதும். மூட்டைமுடிச்சுகளுடன் ஜனங்கள் வெளியூருக்கு ஓடினார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் எம்டனை முறியடித்தது. ஆனாலும் “அவன் பெரிய எம்டன்” என்ற பேச்சு நம் வீடுகளில் தங்கிவிட்டது. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்றும் சொல்வதுண்டு; கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை.

அங்கிருந்து கோட்டையைத் தாண்டினால் கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம். முதல் உலகப்போரில் மாண்டவர்களுக்காக எழுப்பியது. பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

நந்தம்பாக்கத்தை மட்டும் அவசியம் பார்க்க வேண்டும். பூந்தமல்லி செல்லும் சாலையில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டம் 1952இல் அமைந்தது. பராமரிக்க ஆளில்லாத பல இடுகாடுகளிலிருந்து எடுத்துவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்கள் 850க்கும் மேல். முதல் போரில் இறந்து எங்கெங்கோ புதைந்துபோன ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லிலுள்ள வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் இருபத்தொன்று, இருபத்துநான்கு என்று வருகிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு நடை தானாகவே மெதுவாகிவிடும்.

இரவு வண்டிக்குச் சென்ட்ரல் திரும்பியதும் பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் கட்டிடத்தைக் கவனியுங்கள். பழைய மூர் மார்க்கெட்டுக்கு அருகில்தான் மிருகக்காட்சிசாலை இருந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியர் குண்டு வீசினார்கள். அடுத்து அவர்கள் கப்பற்படை சென்னைக்கு வருகிறது என்று செய்தி பரவியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, சிங்கம், புலி முதலான கொடிய விலங்குகளைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள்.

கப்பற்படை வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று.