எம்சிபியை இறக்கிய பிறகும் ஆர்சிசிபி ஏன் விழுகிறது?

படுக்கையறையில் பழைய சாக்கெட்டை மாற்றும் வேலை. எலக்ட்ரீஷியன் அந்த அறைக்கான எம்சிபியை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்க்கிறார். எரியவில்லை. சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று ஒயர்களையும் சேர்த்துப் பிடித்து, பிளையரால் ஒரே வெட்டாக வெட்டுகிறார். அந்த நொடியே வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. டிபி பெட்டியைத் திறந்தால் ஆர்சிசிபி விழுந்து கிடக்கிறது.

'கரண்டே இல்லாத ஒயரை வெட்டினதுக்கு இது ஏன் விழணும்? பீஸ் போயிடுச்சு' என்று பல இடங்களில் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆர்சிசிபியைக் கழற்றி, டைரக்ட் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த வீட்டில் இருப்பவர்களின் உயிரோடு விளையாடுகிற வேலை அது. ஏனென்றால், அந்தக் கருவி சரியாகத்தான் வேலை செய்தது.

எம்சிபி கவனிப்பது கரண்டின் அளவை. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ அது விழும். ஆர்சிசிபி கவனிப்பது வித்தியாசத்தை. அதற்குள் ஒரு காந்த வளையம் இருக்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் அதன் ஊடாகத்தான் போகின்றன. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்தால், இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கொஞ்சம் வேறு வழியில், அதாவது எர்த்திலோ ஒருவரின் உடம்பிலோ கசிந்து போனால் கணக்கு இடிக்கும். மிஞ்சிய காந்தப்புலம் வளையத்தில் சுற்றிய மெல்லிய காயிலில் மின்சாரத்தைத் தூண்டும். அது விசையை விடுவித்துவிடும்.

வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. 60 வாட் குண்டு பல்பு இழுப்பதே சுமார் 260 மில்லி ஆம்பியர் என்றால், இது எவ்வளவு சிறிய அளவு என்று பாருங்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 12640-இன்படி 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 0.3 விநாடிக்குள் அது விழ வேண்டும். 15 வரை விழக் கூடாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தன்னார்வலர்களை வைத்து நடத்திய சோதனைகளில், சராசரியாக 16 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே ஆண்களால் பிடித்த கம்பியை விட முடியவில்லை என்று தெரியவந்தது. பெண்களுக்கு இந்த அளவு இன்னும் குறைவு. ஆகவே 30 மில்லி ஆம்பியரிலும் ஷாக் அடிக்கும், வலிக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகும் முன் இணைப்பைத் துண்டிப்பதுதான் ஆர்சிசிபியின் வேலை.

இப்போது அந்த பிளையருக்கு வருவோம். நம் டிபி பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் சிங்கிள் போல் எம்சிபிகள். அவை ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல், எல்லா நியூட்ரல்களும் சேரும் லிங்க்கிலிருந்து அறை வரைக்கும் அப்படியே தொடர்பில் இருக்கும். மற்ற அறைகளில் ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடும்போது அவற்றின் கரண்ட் திரும்பிப் போகும் பாதை நியூட்ரல்தான். அந்த நீளமான ஒயரின் தடையால், நம் வீட்டு எர்த்தோடு ஒப்பிட்டால் நியூட்ரலில் ஓரிரு வோல்ட் நிற்கும். டெஸ்டர் பல்பு எரிய அது போதாது. ஆனால் பிளையரின் வாய் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகக் கடிக்கும்போது, திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியே ஓடும். 2 வோல்ட்டும், எர்த் பாதையில் 10 ஓம் தடையும் இருந்தால் அதுவே 200 மில்லி ஆம்பியர். ஆர்சிசிபி விழாமல் என்ன செய்யும்?

இதே நியூட்ரல்–எர்த் தொடர்பு சுவருக்குள் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டால்தான் வீட்டுக்காரரின் பொறுமை போகும். சாக்கெட்டைத் திருப்பி மாட்டும்போது நசுங்கிய ஒயர், படம் மாட்ட அடித்த ஆணி, இப்படி ஏதாவது ஒன்று போதும். வீட்டில் லோடு குறைவாக இருக்கும்போது ஆர்சிசிபி நிற்கும். ஹாலில் அயர்ன் பாக்ஸ் போட்டதும் நியூட்ரலில் வோல்ட் ஏறி, விழும். அயர்ன் பாக்ஸைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதில் ஒரு குறையும் இருக்காது.

எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பது நல்ல முறைதான். குறிப்பிட்ட ஒன்றை ஏற்றியதும் விழுந்தால், அந்த லைனில் ஃபேஸ் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். நாள்பட்ட கீசர் காயிலுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் இழுத்திருக்கும். மழையில் வெளி லைட்டுக்குள்ளோ சம்ப் மோட்டார் ஜாயிண்டிலோ தண்ணீர் போயிருக்கும். ஆனால் எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே விழுந்தால், முதலில் நியூட்ரலைச் சந்தேகியுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்குகளையே பிடுங்க வேண்டும். சுவிட்சும் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. அப்போதும் நிற்கவில்லை என்றால், மெயினை அணைத்து, லிங்க்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் எர்த்தோடு அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற லைனில்தான் கோளாறு. இது உரிமம் பெற்ற ஒயர்மேன் செய்ய வேண்டிய வேலை. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் இருக்கும். அதையும் அணைக்காமல் பெட்டிக்குள் கை வைக்கவே கூடாது.

இன்வெர்ட்டரைப் பிறகு சேர்த்த வீடுகளில் இன்னொரு சிக்கலும் வரும். ஒரு லைனின் ஃபேஸ் ஒரு ஆர்சிசிபி வழியாகப் போய், நியூட்ரல் வேறொரு ஆர்சிசிபி வழியாகத் திரும்பும்படி இணைத்திருப்பார்கள். கசிவே இல்லாவிட்டாலும் கணக்கு இடிக்கும். நியூட்ரல்களைப் பிரித்து, அந்தந்த ஆர்சிசிபிக்கு உரிய லிங்க்கில் மாட்டினால் சரியாகும்.

வேலை முடிந்ததும் ஆர்சிசிபியில் 'டி' என்று போட்டிருக்கும் பட்டனை அழுத்திப் பாருங்கள். கரண்ட் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றே புதிது மாற்ற வேண்டும். உள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கி, விசை விழுகிறதா என்று மட்டுமே அந்த பட்டன் சோதிக்கும். வீட்டின் எர்த் சரியாக இருக்கிறதா என்று அது சொல்லாது. அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.