ஒரு கிலோகூட விற்காவிட்டால்?



"பத்து கிலோ இறால் வித்தேன். கிலோவுக்கு அறுபது ரூபாய் கிடைச்சுது. ஆனா கையில காசு நிக்கலையே!" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. காசு எங்கே போனது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோ வாடகை 400 ரூபாய், ஐஸ் 80 ரூபாய். ஆக 480 ரூபாய். ஒரு கிலோகூட விற்பதற்கு முன்பே இது செலவாகிவிடும். வாங்கிய விலை போக கிலோவுக்கு 60 ரூபாய் மிஞ்சினால்,

லாபம் = (60 × விற்ற கிலோ) – 480

5 கிலோ விற்றால் 180 ரூபாய் நஷ்டம். 8 கிலோ விற்றால் போட்டதும் எடுத்ததும் சரி. 10 கிலோ விற்றால்தான் 120 ரூபாய் லாபம்.

இதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தால் நேர்க்கோடு வரும். கிலோ பூஜ்யமாக இருக்கும் இடத்தில் கோடு காட்டும் எண் –480. பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் இதை 'வெட்டுத்துண்டு' என்பார்கள்.

கிலோவுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது சந்தையின் கையில். ஆனால் வெட்டுத்துண்டைக் குறைப்பது நம் கையில்! நாலு பேர் சேர்ந்து ஒரே ஆட்டோவில் போனால் ஆளுக்கு 100 ரூபாய்தான் வாடகை. ஐஸையும் சேர்த்து 180. இப்போது 3 கிலோவிலேயே முதல் தேறிவிடும். அதே 10 கிலோவுக்கு லாபம் 420 ரூபாய்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரக்கே கிடைக்காத நாளில் நாம் ஆட்டோ பிடிக்க மாட்டோம். அன்றைக்கு நஷ்டம் 480 இல்லை, பூஜ்யம்தான். கோடு காட்டுகிற எண் எல்லா நாளும் உண்மையாகிவிடாது.

கடன் தவணை அப்படியில்லை. நம் ஏரியில் பாடு முறைப்படி மீன்பிடிக்கும் குடும்பங்களுக்கு முறை வராத நாட்கள் உண்டு. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வருவதும் குறைந்துவிடும். வரும்படி பூஜ்யமானாலும் தவணை நிற்கும், வீட்டில் உலையும் வைக்க வேண்டும். இதுதான் உண்மையான வெட்டுத்துண்டு.

எனவே, கடன் கேட்கும் முன் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "ஒரு கிலோகூட விற்காத மாசத்துல நான் எவ்வளவு கட்டணும்? அதுக்குச் சேமிப்பு இருக்கா?" பதிலை நோட்டில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.