ஜீப்பின் எரிபொருட் செலவும் ஓட்டுநரின் காலும்

தட்டின்றிக் கிடைக்கும் பொருளை அளந்து பார்ப்பார் இலர். பெற்றோலை நாம் அளந்து பார்க்கக் கற்றது 2022ஆம் ஆண்டிலேயாம். அவ்வாண்டு யூன் 26இல் ஒக்டேன் 92 பெற்றோலின் விலை லீற்றருக்கு 470 ரூபாவாயிற்று. அடுத்த மாதத்திலே தேசிய எரிபொருள் அனுமதி முறை நடைமுறைக்கு வந்து, தொடக்கத்தில் கார்களுக்கும் வான்களுக்கும் கிழமைக்கு 20 லீற்றர் என வரையறுத்தது. 2023 செப்ரெம்பர் 1இல் அக்கட்டுப்பாடு நீங்கியதெனினும், அது எழுப்பிய வினா நீங்கவில்லை: ஒரே 20 லீற்றர் ஒருவருக்கு ஐந்து நாட்கும் இன்னொருவருக்கு ஆறு நாட்கும் போதியதாதல் எங்ஙனம்?

கணக்கு எளிது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய் மீள ஏறத்தாழ 20 கிலோமீற்றர். நம்மவர் பொதுப்பட ‘ஜீப்’ என வழங்கும் பெரிய வண்டியொன்று நகர நெரிசலிலே லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடுமாயின், 20 லீற்றரில் அப்பயணம் ஐந்து முறை கூடும். 6 கிலோமீற்றர் ஓடுமாயின் ஆறு முறை கூடும். அந்த ஒரு கிலோமீற்றரை ஈட்டித் தருவது பெரும்பாலும் கராஜன்று, ஓட்டுநரின் வலக்காலே என்பதே ஈண்டு யாம் காட்ட முயல்வது.

1,800 கிலோகிராம் நிறையுள்ள ஜீப்பொன்று மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தை எய்தும்போது அது கொண்டிருக்கும் இயக்கசக்தி ஏறத்தாழ 174 கிலோயூல். பிறேக்கை அழுத்தி நிறுத்தியதும் அச்சக்தி முழுவதும் வெப்பமாகிக் காற்றிற் கலந்துவிடுகின்றது. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகாயூல் சக்தியுண்டு. எனினும் நகர ஓட்டத்தில் அதன் ஐந்திலொரு பங்களவே சில்லுகளைச் சென்றடையுமெனக் கொள்வோம். அவ்வாறாயின், நின்ற வண்டியை ஒருமுறை அவ்வேகத்துக்குக் கொணர 27 மில்லிலீற்றர் பெற்றோல் வேண்டும். 1,000 கிலோகிராம் நிறையுள்ள சிறு காருக்கோ 15 மில்லிலீற்றர் போதும். காலி வீதியிலே பத்து இடங்களில் விரைந்து சென்று பத்து முறை சடுதியாக நிறுத்துபவர், இவ்வகையில் மட்டும் கால் லீற்றருக்கு மேல் பிறேக்கிலே கரைத்துவிடுகிறார். அதே வண்டி 50 கிலோமீற்றர் வேகத்திற் காற்றைக் கிழித்து ஒரு கிலோமீற்றர் செல்லச் சில்லிடத்து வேண்டும் சக்தி ஏறத்தாழ 113 கிலோயூலே. ஒரு நிறுத்தம் ஒன்றரைக் கிலோமீற்றர்க் காற்றுத்தடைக்குச் சமமாதல் காண்க.

ஆதலின் முன்னே சிவப்பு விளக்குத் தெரியும்போதே காலை எடுத்துவிடுபவர் தாமதமின்றியே மிச்சம் பிடிக்கிறார். விரைந்து சென்றவரும் அதே விளக்கின் கீழ்தானே நிற்கப் போகிறார்! நிறுத்திச் செல்லும் நெரிசலில் மூர்க்கமாக ஓட்டுவதால், ஒரு லீற்றரில் ஓடும் தூரம் 10 முதல் 40 சதவீதம் வரை குறையலாம் என ஐக்கிய அமெரிக்காவின் எரிசக்தித் திணைக்களம் கூறுகின்றது. கொழும்பிற் பெருகியுள்ள ஹைபிரிட் கார்களின் சிக்கனத்துக்கு ஒரு முக்கிய காரணமும் இதுவே. அவை பிறேக்கில் அழியும் சக்தியின் ஒரு பகுதியை மின்கலத்தில் மீட்டுக்கொள்கின்றன.

கடுகண்ணாவைச் சரிவிலே கியரை நியூற்றலில் விட்டு இறங்கினாற் பெற்றோல் மிச்சமாகும் என்போர் இன்றும் உளர். காபரேற்றர்க் காலத்து நம்பிக்கை இது. இக்கால இயந்திரங்களிலே கியர் பூண்டிருக்கக் காலை எடுத்தால், சில்லுகளே இயந்திரத்தைச் சுழற்ற, எரிபொருட் பாய்ச்சல் அறவே நின்றுவிடும். நியூற்றலிலோ இயந்திரம் அணையாதிருத்தற்கே எரிபொருள் வேண்டும். இயந்திரத்தின் தடுப்பு நீங்குவதால் பிறேக் சூடேறிச் செயலிழக்கும் அபாயமும் உண்டு. செலவும் கூடி உயிருக்கும் கேடு விளைக்கும் ‘சிக்கனம்’ வேறெதுவும் யாம் அறியோம்.

பராமரிப்பிலும் பழைய பாடங்கள் சில மாறியுள்ளன. காற்று வடிகட்டி அடைபட்டாற் பெற்றோல் வீணாகும் என்பது காபரேற்றருக்கு உண்மை. உட்செல்லும் காற்றை அளந்து பெற்றோலைத் தாமே குறைத்துக்கொள்ளும் புதிய இயந்திரங்களில், அடைபட்ட வடிகட்டி வண்டியின் விரைவாற்றலைக் குறைக்குமன்றிச் செலவைக் கூட்டுவதில்லை என 2009இல் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் கண்டறிந்தது. மாறாக, எச்சரிக்கை விளக்கு எரிந்தும் ஒட்சிசன் உணரியை மாற்றாது ஓடுவோர் பேரிழப்பை அடையக்கூடும். ரயர்களின் காற்று ஒரு பீ.எஸ்.ஐ. குறைய ஓடும் தூரம் 0.2 சதவீதமே குறையும். ஆயினும் பத்துக் குறைந்த ரயருடன் மாதக்கணக்காக ஓடுவோரும் நம்மிடையே உளர். காற்றை அதிகாலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும்.

வெள்ளவத்தைக் கடற்கரையோரத்தே வண்டி நிறுத்துவோர்க்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உப்புக் காற்றினால் பிறேக்கின் உறுப்புக்கள் துருவேறி, அழுத்தாதபோதும் சில்லை மெல்லப் பற்றிக்கொண்டிருத்தல் கூடும். ஓடி வந்து நிறுத்தியதும் நான்கு சில்லுகளின் அருகிலும் தொடாமற் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகுதியாகக் காய்ந்திருந்தால் அங்கே பெற்றோல் எரிகின்றதென்றே கொள்ளலாம். 2020 மார்ச்சு முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் நம் வீதிகளில் முதிய வண்டிகள் மிகுதி என்பதையும் மறத்தற்கில்லை.

நெடுந்தூரப் பயணத்திலே நிலைமை தலைகீழாகும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடும் ஜீப் 50 கிலோமீற்றரில் ஓடுவதன் நான்கு மடங்குத் தடையை எதிர்க்கின்றது. அங்கே நிறையைவிட உருவமே பகை. யாழ்ப்பாணப் பயணத்துக்காகக் கூரைமேற் பொருத்திய பெட்டியை மாதக்கணக்கிற் கழற்றாதிருப்போர், நகரத்தில் 2 முதல் 8 சதவீதமும் அதிவேகப் பாதையில் அதனினும் மிகுதியாகவும் இழப்பர். உலர்ந்த தார்வீதியிலே நாற்சில்லு இயக்கத்தைப் பூட்டி ஓடுவதோ எரிபொருளோடு கியர்ப்பெட்டியையும் தின்னும்.

இவற்றுள் எது தம் வண்டிக்குப் பொருந்துமென அறிய விரும்புவோர் முகப்பிற் காட்டும் எண்ணை மட்டும் நம்பற்க. ஒரே நிலையத்தில் தாங்கி நிரம்பும்வரை எரிபொருள் அடித்து, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் அங்ஙனமே நிரப்பி, ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் முறை அடித்த லீற்றரால் வகுக்க. மும்முறை செய்து சராசரி காண்க. பின்னர் ஒரு மாதம் காலை மட்டும் திருத்தி, மீண்டும் அளக்க.