மாணிக்க உப்புச்செடி

தென் அவுஸ்திரேலியாவில் குடியேறிய எம்மிற் பலர் வீட்டு முற்றத்தில் முதலில் நாட்ட விரும்பியவை மல்லிகை, முருங்கை, கறிவேப்பிலை ஆகியவையே. அவற்றைக் காக்கக் கோடை முழுவதும் நீர் ஊற்றினோம். 1997 முதல் 2009 வரை நாட்டின் தென்கிழக்கை வாட்டிய பெருவறட்சியில் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சுவது கட்டுப்படுத்தப்பட்டது. அப்போதுதான் இம்மண்ணுக்கே உரிய செடிகளின் அருமை எமக்குப் புலனாயிற்று.

அவற்றுள் ஒன்று 'ரூபி சால்ட்புஷ்'. மாணிக்க உப்புச்செடி எனத் தமிழில் அழைக்கலாம். தாவரவியலாளர் றொபேட் பிறவுண் 1810 இல் இதனை விவரித்துப் பெயரிட்டார். நாம் உண்ணும் முளைக்கீரையும், தாயகக் கடலோரத்து உமரியும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகவே இச்செடி எமக்கு முற்றிலும் அந்நியமன்று.

முழங்காலளவு உயர்ந்து, ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலத்திற்கு இது நிலத்தை மூடிப் படரும். சதைப்பற்றுள்ள சிறிய இலைகளைப் போர்த்திய நுண்மயிர்கள் நீரிழப்பைக் குறைக்கின்றன. உவர்மண்ணும் கடும் வெயிலும் இதற்குப் பகையல்ல. மிளகிலும் சற்றுப் பெரிய கனிகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் பழுக்கும். பறவைகளும் பல்லியினங்களும் அவற்றை உண்டு விதைகளைப் பரப்புகின்றன.

இலையுதிர்காலத்தில் நாட்டினால் குளிர்கால மழையில் வேர் ஊன்றிக்கொள்ளும். நுனித்தண்டுகளை வெட்டி மணற்கலவையில் ஊன்றியும் கன்று பெறலாம். நீர் தேங்காத இடமே ஏற்றது. முதற்கோடையில் மட்டும் இடையிடையே நீர் ஊற்றுக, உரம் வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை கத்தரித்துவிட்டால் அடர்ந்து வளரும்.

இந்நாட்டின் ஆதிக்குடிகள் இதன் கனிகளை நெடுங்காலமாக உண்டும், நீரில் ஊறவைத்து இனிய பானமாக அருந்தியும் வந்துள்ளனர். இலைகளில் ஒட்சலேற்று இருப்பதால் அவித்து, அந்நீரை வடித்துவிட்டு, அளவோடு உண்ணவேண்டும். சிறுநீரகக் கல் உள்ளோர் தவிர்ப்பது நன்று. அவித்த இலையைத் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்து வறையாக்கலாம். இலையிலேயே உப்பு இருப்பதால் சுவைபார்த்த பின்னரே உப்பிடுக. செடியை ஐயமின்றி இனங்கண்ட பின்னரே உண்ணவேண்டும். களைகொல்லி தெளித்திருக்கக்கூடிய வீதியோரச் செடிகளிற் பறித்தல் ஆகாது.

மல்லிகையைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அதற்கு ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு, வெறுமையாய்க் கிடக்கும் நிலத்தை இச்செடிக்கு அளிப்போம். தாயகத்துக் கீரைகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், அவர்கள் பிறந்த மண்ணின் கீரையையும் அடையாளங்காட்டுவோமாக.