பின்னால் ஒருவர் ஏறியதும் ஸ்கூட்டருக்கு என்ன ஆகிறது?

களுபோவிலயிலிருந்து வெள்ளவத்தைச் சந்தைக்கும் கொகுவலைக்கும் ஓடிப் பழகிய ஒரு ஸ்கூட்டி, நல்லூர்த் திருவிழாவுக்கு இருவரைச் சுமந்துகொண்டு யாழ்ப்பாணம் வரை போகுமா? தாராளமாகப் போகும். நல்ல நிலையில் இருக்கும் 110 சிசி என்ஜினுக்கு 400 சொச்சம் கிலோமீற்றர் ஒரு பொருட்டல்ல. ஆனால் தூரத்தை மட்டும் நினைத்து ஒயிலை மாற்றி, பிளக்கைத் துடைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நகரத்தில் பத்து நிமிடம் பின்னால் ஏறி இறங்குகிறவர் இந்தப் பயணத்தில் நாள் முழுவதும் அங்கேயே இருக்கப்போகிறார். அவருடைய எடை வண்டியில் எங்கெங்கே போய் இறங்குகிறது என்று தெரிந்துகொண்டால், எதைப் பார்க்க வேண்டும், எதைத் திருத்த வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

எல்லாப் பாரமும் பின்னே

1946இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவை வெளியிட்டது. அதை வடிவமைத்த கொறாடினோ தாஸ்கானியோ ஹெலிகொப்டர் கட்டிய பொறியியலாளர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. சங்கிலியும் கிறீஸும் காற்சட்டையை அழுக்காக்குவதைத் தவிர்க்க, என்ஜினைப் பின்சில்லின் பக்கத்திலேயே வைத்தார். கால் வைக்கும் இடம் வெறுமையானது, சேலை கட்டியவர்களும் ஏறலாம் என்றானது. அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. இன்றைய ஸ்கூட்டர்களிலும் என்ஜின், கியர்ப்பெட்டி எல்லாம் பின்சில்லோடு ஒட்டியே இருக்கின்றன. பின்சீற்றும் ஏறத்தாழ அதே சில்லின் மேல்தான் அமைந்திருக்கிறது. ஆகவே பின்னால் இருப்பவரின் எடையில் முன்சில்லுக்குப் போவது சொற்பமே. பெரும்பகுதியைப் பின்ரயர் தாங்குகிறது.

ரயருக்குள் இருக்கும் காற்றுத்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. டியோ போன்ற 110 சிசி ஹொண்டா ஸ்கூட்டர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு முன்ரயருக்கு 22 பிஎஸ்ஐ. பின்ரயருக்குத் தனியாக ஓடினால் 29, இருவரென்றால் 36. முன்னால் அளவு மாறவில்லை, பின்னால் மட்டும் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். வண்டிக்கு வண்டி அளவு வேறுபடும். உங்கள் வண்டிக்கு உரியது கையேட்டில் இருக்கும். காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. நண்பகல் வன்னி வெயிலில், தார் வீதியில், இரண்டு பேர் பாரத்தோடு அந்தச் சூடு ரயரையே கிழித்துவிடலாம். காற்றைப் புறப்படுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய ரயர் கூடுதலான கணக்கைக் காட்டும்.

பழைய வெஸ்பாக்கள் பலவற்றில் மேலதிகச் சில்லு ஒன்று தொங்கும். இன்றைய ஸ்கூட்டர்களில் அது இல்லை. டியூப் இல்லாத ரயர் என்றால், துளையை அடைக்கும் ரப்பர் திரியும் சிறிய பம்பும் சீற்றின் கீழ் இருக்கட்டும். டியூப் உள்ள ரயர் என்றால் ரயர் கடையைத் தேடித்தான் ஆக வேண்டும். தேய்ந்த ரயரோடு கிளம்பாமல் இருப்பதே அதற்கு வைத்தியம்.

பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் நிமிரும். இரவில் உங்கள் விளக்கு வீதியை விட்டுவிட்டு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். பின்னால் இருப்பவரை ஏற்றிவைத்து, ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். சில வண்டிகளில் பின் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையமும் இருக்கும். அதையும் ஒரு படி இறுக்கலாம்.

பாரத்தை உணரும் பட்டி

ஸ்கூட்டரில் கியர் மாற்றும் வேலையைச் செய்வது ஒரு ரப்பர்ப் பட்டி. இந்த ஏற்பாட்டை 1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் ஒரு சிறிய காரில் அறிமுகப்படுத்தியது. முன்னும் பின்னுமாக இரண்டு கப்பிகள். ஒவ்வொன்றும் இரண்டு கிண்ணங்களை அடியோடு அடி பொருத்தி வைத்ததுபோல, நடுவில் சரிவான பள்ளத்தோடு இருக்கும். அந்தப் பள்ளத்தில் பட்டி ஓடுகிறது. என்ஜின் வேகமெடுக்கும்போது முன்கப்பிக்குள் இருக்கும் சிறிய உருளைகள் வெளிப்பக்கமாக எறியப்பட்டு, அதன் இரு பாதிகளையும் நெருக்குகின்றன. பட்டி முன்னே வெளிவட்டத்துக்கு ஏறுகிறது, பின்னே உள்வட்டத்துக்கு இறங்குகிறது. கியர் கூடுகிறது.

பின்கப்பியின் வேலை இன்னும் நுட்பமானது. அதன் இரு பாதிகளும் திருகுபோலச் சரிந்த பள்ளங்களால் இணைக்கப்பட்டிருக்கின்றன. மேட்டில் ஏறும்போதோ பாரம் கூடும்போதோ சில்லு சுழல மறுக்கிறது. அந்த மறுப்பே இரு பாதிகளையும் ஒன்றையொன்று நோக்கித் திருகுகிறது. பட்டி பின்னே வெளிவட்டத்துக்குத் தள்ளப்பட, கியர் தானாகக் குறைகிறது. பின்னால் ஒருவர் ஏறியிருப்பதை எந்தக் கணினியும் இல்லாமல் இந்தக் கப்பி அறிந்துகொள்கிறது.

அப்படி அறிந்துகொள்ளும் ஒவ்வொரு தடவையும் பட்டி இறுகி உராய்கிறது. பைக்கின் சங்கிலி தளர்ந்தால் வீதியோரத்தில் இறுக்கிக்கொள்ளலாம். பட்டி அறுந்தால் என்ஜின் ஓடும், வண்டி நகராது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதற்கு முன்பே, கொழும்பில் இடதுபக்க மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. பட்டியின் உட்புறப் பற்களில் வெடிப்பு இருக்கிறதா, அகலம் தேய்ந்திருக்கிறதா, உருளைகள் ஒருபக்கம் தட்டையாகிவிட்டனவா என்று மெக்கானிக் பார்ப்பார். கிளம்பும்போது நடுக்கம், என்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாமை, கருகிய ரப்பர் மணம் ஆகியவை பட்டி தரும் முன்னறிவிப்புகள். பின்சில்லோடு இருக்கும் சிறிய கியர்ப்பெட்டிக்குத் தனியான ஒயில் உண்டு. என்ஜின் ஒயிலை ஒழுங்காக மாற்றுகிறவர்களும் இதை மறந்துவிடுவார்கள்.

என்ஜின் ஆற வேண்டும் என்று மணிக்கொருமுறை நிறுத்துவோர் உண்டு. இந்த வகை ஸ்கூட்டரில் என்ஜினோடு சுழலும் விசிறி ஒன்று காற்றை ஊதிக்கொண்டே இருக்கிறது. விசிறியின் வாயைச் சேறோ பொலித்தீனோ அடைக்காதவரை அதற்குத் தனியாக ஓய்வு தேவையில்லை. ஓய்வு வேண்டியது இருக்கிறவர்களின் முதுகுக்கும் ஓட்டுகிறவரின் கண்ணுக்கும்தான். அதற்காக மணிக்கொருமுறை நிறுத்துங்கள்.

பிறேக்கின் கணக்கு

ஸ்கூட்டர் 105 கிலோ, ஓட்டுகிறவர் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 170. பின்னால் 60 கிலோ ஆளும் 10 கிலோ பையும் ஏறினால் 240. ஓடும் வண்டியின் ஆற்றல் எடையோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், இருவராக 50இல் ஓடும் வண்டியை நிறுத்த பிறேக் செய்யும் வேலை, தனியாக 60இல் ஓடும் வண்டியை நிறுத்தும் வேலைக்கு ஏறத்தாழச் சமம். அத்தனை ஆற்றலும் டிரம்முக்குள் சூடாக மாற வேண்டும். பிறேக் கட்டைகள் தேய்ந்திருந்தால், பின்னால் ஆளை ஏற்றும்வரை அது தெரியவராது.

யாழ்ப்பாண வழி பெரும்பாலும் சமதரை. நுவரெலியாவுக்குப் போய் றம்பொடை வழியே இறங்குவதாக இருந்தால் நிலைமை வேறு. வேகம் மிகக் குறைந்ததும் ஸ்கூட்டரின் கிளச் விலகிவிடும். பிறகு என்ஜின் வண்டியைப் பிடித்துவைக்காது, முழுப் பாரமும் பிறேக்கின் தலையில். இடைவிடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகிப் பிடிமானம் தளரும். அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி இறங்குவதும், இடையிடையே நிறுத்தி ஆறவிடுவதும் அங்கே அவசியம்.

மூன்று துண்டாக ஒரு வழி

அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஸ்கூட்டருக்கும் அதே சட்டம்தான். கைப்பேசி காட்டும் வழி கட்டுநாயக்க அதிவேகப் பாதைக்குள் இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம்; அங்கிருந்து அநுராதபுரம் வழியாக வவுனியா; பிறகு ஏ9 வீதியில் யாழ்ப்பாணம். மூன்று துண்டுகளும் ஒவ்வொன்றும் சுமார் 130, 140 கிலோமீற்றர்.

டியோவின் தாங்கி 5.3 லீற்றர். இருவரோடு லீற்றருக்கு 40 கிலோமீற்றர் கிடைத்தால் 200ஐத் தாண்டும். ஆனால் கடைசிச் சொட்டு வரை ஓட்டிப் பார்ப்பது புத்தியல்ல. புத்தளத்தில் ஒருமுறை, வவுனியாவில் ஒருமுறை பெற்றோல் செட்டுக்குள் திருப்பினால் போதும். 2022 யூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. ஒரு வாரப் பங்கு வவுனியாவைக்கூட எட்டியிராது.

பொழுது பட்டபின் ஓட்டாதீர்கள். புத்தளம்–அநுராதபுரம் வீதியில் யானை குறுக்கிடும். வன்னியில் மாடுகள் தாரிலேயே படுத்திருக்கும். திருவிழாக் காலம் சோளகக் காற்றின் காலமும்கூட. ஆனையிறவு வெளியில் இரண்டு பக்கமும் மறைப்பில்லை. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது முன்சில்லில் பாரம் குறைந்த ஸ்கூட்டர் எளிதில் ஆடும்.

முன்சில்லை இன்னும் இலேசாக்காமல் இருக்க, பாரமான பொருட்களைச் சீற்றின் கீழே வையுங்கள். பின்சில்லுக்கு அப்பால் தொங்கும் பெட்டியில் மாற்றுடுப்பு போன்ற இலேசானவை போதும். பின்னால் இருப்பவர் இரண்டு பக்கமும் கால் போட்டு, வளைவில் ஓட்டுகிறவரோடு சேர்ந்தே சாய வேண்டும். சாலும் சேலைத் தலைப்பும் சில்லில் சிக்காதபடி செருகப்பட்டிருக்க வேண்டும். தலைக்கவசம் இருவருக்கும் சட்டப்படி கட்டாயம். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம் மூன்றையும் மழை நனைக்காத உறையில் வையுங்கள்.

கராஜில் எல்லாம் முடிந்த பிறகு, புறப்படும் நாளுக்குச் சில நாள் முன்னதாக, அதே ஆளையும் அதே பைகளையும் ஏற்றிக்கொண்டு நீர்கொழும்பு வரை ஒருமுறை போய் வாருங்கள். திரும்பியதும் பின்ரயரையும் டிரம்மையும் பாருங்கள், பட்டிப் பக்கம் மணம் வருகிறதா என்று கவனியுங்கள், பின்னால் இருந்தவருக்கு எங்கே நோகிறது என்று கேளுங்கள். தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும் மெக்கானிக்குக்குத் தெரியாத விசயங்கள் அந்த ஓட்டத்தில் வெளிவரும். திருத்திக்கொள்ளக் களுபோவிலயில் நாளும் இருக்கும், கராஜும் இருக்கும்.